பைபர் படகைக் கழுவும் கையடக்கப் பம்பு: தேர்வும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளில் பைபர் படகு வைத்துத் தொழில் செய்வோர், வாளியை விட்டு 12 வோல்ட் சிறு பம்புக்கு மாற நினைக்கும்போது எழும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தொகுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 7 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள, மேல்தளம் இல்லாத திறந்த படகை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. விசைப்படகுக்குப் பொருந்தாத இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறோம்.

வாளியும் தேங்காய் நாரும் இருக்கும்போது பம்பு எதற்கு?

படகைக் கழுவ வேண்டிய இடம் நடுக்கடல். ஆனால் பெரும்பாலும் கரைக்கு வந்த பிறகே கழுவுகிறார்கள். துறைமுகத்துக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரில் டீசலும், மீன் கழிவும், ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும். அதை மொண்டு மீன் வைத்த இடத்தில் ஊற்றுவது, கழுவாமல் விடுவதைவிடக் கெடுதலானது. ஏற்றுமதிக்கான சுகாதார விதிகளும், மீன் படும் பரப்பைக் குடிநீராலோ தூய கடல்நீராலோதான் கழுவ வேண்டும் என்கின்றன. வலையை ஏற்றி முடித்துக் கரை திரும்பும் முன், இரத்தமும் செதிலும் காய்வதற்குள், வெளிக்கடல் தண்ணீரைக் கொண்டு படகைக் கழுவிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். களைத்திருக்கும் ஆட்கள் படகின் விளிம்பில் சாய்ந்து ஐம்பது வாளி மொள்ளத் தேவையில்லாமல், ஒருவர் குழாயைப் பிடிக்க மற்றொருவர் தேய்க்க முடிகிறது என்பதுதான் பம்பின் பயன். காய்ந்த இரத்தத்தைப் போக்க எவ்வளவு சக்தி வாய்ந்த பம்பாலும் இயலாது. காயாத இரத்தத்துக்குச் சிறிய பம்பே போதும்.

எந்த வகைப் பம்பை வாங்க வேண்டும்?

கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. படகைக் கழுவ ஏற்றது டயாப்ரம் பம்பு. இதனுள் இருக்கும் ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, மூன்று முதல் ஐந்து வரையிலான சிறு அறைகளில் தண்ணீரை மாறி மாறி இழுத்துத் தள்ளுகிறது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்திருந்தாலும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்காமலேயே தானாக உறிஞ்சிக்கொள்ளும்; நல்ல நிலையில் உள்ள பம்பு ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் வரை இழுக்கும். சிறிது நேரம் தண்ணீரின்றி ஓடினாலும் உடனே கெட்டுவிடாது. அலையில் படகு சாயும்போது உறிஞ்சுமுனை ஒரு கணம் வெளியே வந்து காற்றை இழுப்பது தவிர்க்க முடியாதது என்பதால், இந்தக் குணம் மிகவும் முக்கியமானது.

இரண்டாவது வகையில் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுற்றும். அவுட்போர்டு எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் பாகமும் இதே அமைப்புதான். நிறையத் தண்ணீர் தரும். ஆனால் தண்ணீரின்றி அரை நிமிடம் ஓடினாலே இதழ்கள் சூடேறிக் கருகத் தொடங்கும். மூன்றாவது வகை, தண்ணீருக்குள் இறக்கிவிடும் நீர்மூழ்கிப் பம்பு. மலிவானது, அளவிலும் சிறியது. எனினும் அதன் அழுத்தம் மிகக் குறைவு. தண்ணீர் குழாய் முனையில் வழியுமே தவிர, பீச்சாது. ஐஸ் பெட்டியைக் காலி செய்ய உதவும்; பலகை இடுக்கில் ஒட்டிய செதிலை அகற்றாது.

விசைப்படகு வைத்திருப்பவர்கள் இவை எதையும் பார்க்க வேண்டாம். தளத்தின் பரப்பும், தண்ணீர் மட்டத்திலிருந்து அதன் உயரமும் பெரியவை. எஞ்சினில் பெல்ட் போட்டு ஓட்டும் பம்புதான் அங்கே ஈடுகொடுக்கும்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தம் தேவை?

நிமிடத்துக்கு 12 முதல் 17 லிட்டர் வரையிலும், அழுத்தம் 45 முதல் 60 பிஎஸ்ஐ வரையிலும் இருந்தால் திறந்த பைபர் படகுக்குத் தாராளம். 45 பிஎஸ்ஐ என்பது, பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் உள்ள தொட்டியிலிருந்து தரைக் குழாய்க்கு வரும் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் பம்பைக் கால் மணி நேரம் ஓட்டினால் 180 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் பன்னிரண்டு வாளித் தண்ணீர் கிடைக்கும். ஐம்பது வாளி செய்யும் வேலையைப் பன்னிரண்டு வாளித் தண்ணீர் செய்துவிடுவதற்குக் காரணம், அது வேகத்தோடு சென்று மோதுவதுதான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது குழாய் எதுவும் மாட்டாமல், வாய் முழுவதும் திறந்த நிலையில் அளந்த அளவு; நாசிலை (குழாயின் பீச்சுமுனையை) மாட்டி அழுத்தம் கூடும்போது அளவு குறைந்துவிடும். பல பம்புகளில் அளவைக் காலன் கணக்கில் எழுதியிருப்பார்கள். அமெரிக்கக் காலன் 3.8 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.5 லிட்டர். கடைக்காரர் பெரிய எண்ணால் பெருக்கிக் காட்டுவதுண்டு. பம்பு உற்பத்தியாளர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் சிறிய காலனைத்தான். கடையிலேயே ஓட்டிப் பார்க்க முடியுமானால், 20 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தை அளந்து பாருங்கள். 100 வினாடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். 80 வினாடி என்றால் 15 லிட்டர்.

வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் பம்பு மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

அதுவும் 12 வோல்ட் டயாப்ரம் பம்புதான். அளவும் உழைப்பும் வேறு. நிமிடத்துக்கு ஒரு சில லிட்டரைத் தூவலாக அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. மோட்டாரின் பின்மூடி திறந்த அமைப்பாக இருப்பதால் உப்புக் காற்று உள்ளே சென்று சில வாரங்களில் துருப்பிடிக்கும். படகுக்குப் போகும் முன் தூண்டில் சாமான்களைக் கழுவிப் பழகிக்கொள்ள வேண்டுமானால் வாங்கலாம்.

வீட்டில் கிடக்கும் டுல்லு மோட்டாரை நீளமான வயர் போட்டுக் கரையில் பயன்படுத்தலாமா?

கூடாது. 230 வோல்ட் மின்சாரம், ஈர மணல், உப்புத் தண்ணீர், வெறுங்கால் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்வது உயிருக்கு ஆபத்து. அதன் இரும்பு உடலும் கடல்நீருக்குத் தாங்காது என்பது இதற்குப் பிறகு சொல்ல வேண்டிய சிறிய காரணம்.

வாங்கும்போது வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவதாக, உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். டயாப்ரம், வால்வு, பிரஷர் சுவிட்ச் ஆகிய மூன்றும் தனித்தனியே கிடைக்கும் பம்பைத்தான் வாங்க வேண்டும். இவை கிடைக்காத பம்பு என்ன விலையானாலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளே. அடுத்தபடியாக, பம்பின் தலைப்பகுதி உலோகமாக இல்லாமல் நைலான் போன்ற பிளாஸ்டிக்காகவும், அதைப் பிணைக்கும் திருகுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். திருகில் அது பலமாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் சாதாரண இரும்பு என்று பொருள். குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்புக்கும் இதே சோதனைதான். நம் சந்தையில் விற்கும் கிளாம்புகள் பலவற்றில் பட்டை துருப்பிடிக்காததாகவும், அதை முறுக்கும் திருகு சாதாரண இரும்பாகவும் இருக்கும். முதலில் உதிர்வது அந்தத் திருகுதான்.

பிரஷர் சுவிட்ச் உள்ள பம்பு, நாசிலை மூடியவுடன் தானே நின்று, திறந்தவுடன் மீண்டும் ஓடும். அது இல்லாத பம்பில் நாசிலை மூடினால் குழாய் பிய்த்துக்கொள்ளும் அல்லது மோட்டார் திணறும். மோட்டாரின் மேல் தொடர்ந்து ஓட்டலாமா, விட்டு விட்டு ஓட்ட வேண்டுமா என்றும் குறித்திருப்பார்கள். விட்டு விட்டு ஓட்ட வேண்டிய மோட்டாரைக் கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். சூட்டில் தானே நின்று, ஆறியபின் ஓடும் காப்பு உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் உள்ள படகுகளுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண டிசி மோட்டாரின் கார்பன் பிரஷ் ஓடும்போது சிறு பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியிலும் மூடிய பெட்டிகளிலும் தங்கும். ஆகவே எரிபொருள் கேன் வைத்திருக்கும் அறைக்குள் பம்பை வைத்து ஓட்டக் கூடாது. திறந்த வெளியில், கேனிலிருந்து தள்ளி வைத்து ஓட்டுங்கள்.

எஞ்சினில் பேட்டரியே இல்லை. பம்பை எப்படி ஓட்டுவது?

கையால் சுற்றிக் கிளப்பும் டீசல் எஞ்சினிலும், கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய அவுட்போர்டிலும் பேட்டரி தேவைப்படுவதில்லை. எனவேதான் பம்பையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் வைத்துக் கரைக்கும் படகுக்கும் தூக்கிச் செல்லும் ஏற்பாடு நமக்குப் பொருந்துகிறது. 10 ஆம்பியர் இழுக்கும் பம்பு 20 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 3.3 ஆம்பியர்-மணி செலவாகும். 26 ஆம்பியர்-மணி உள்ள, அமிலம் சிந்தாத வகைப் பேட்டரியை எடுத்துக்கொண்டால், அதைப் பாதிக்கு மேல் இறக்காமலேயே இரண்டு நாள் கழுவலாம். ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை மிகக் குறைவு, ஆழமாக இறக்கவும் தாங்கும். ஆனால் அதற்குரிய சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். 40 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 2 ஆம்பியர் அளவுக்குத் தரும் என்பதால், அதைக் கட்டுப்படுத்தும் கருவியுடன் சேர்த்து மாட்டினால், முற்பகல் வெயிலே முந்திய நாள் செலவை ஈடுகட்டிவிடும்.

வயர் எந்த அளவில் இருக்க வேண்டும்? கடையில் கொடுத்த வயரே போதாதா?

பெரும்பாலும் போதாது. 12 வோல்ட் பம்புகள் "சக்தி இல்லை" என்று குறை சொல்லப்படும்போது, குற்றம் பம்பில் இருப்பதைவிட வயரில்தான் அதிகம் இருக்கிறது. பேட்டரியிலிருந்து பம்பு 5 மீட்டர் தள்ளி இருந்தால் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 10 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஏறத்தாழ 1.2 வோல்ட் வீணாகும். 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு. 4 சதுர மில்லிமீட்டரில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்டை நெருங்கும். வீட்டுக் கணக்கில் 1.5 போதுமே என்று எலக்ட்ரீசியன் சொல்வார். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்டில் தெரியும். வயரைத் தடிப்பாக்குவதைவிடப் பேட்டரியைப் பம்பின் அருகில் வைத்துத் தண்ணீர்க் குழாயை நீட்டிக்கொள்வது மலிவான வழி.

வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள். வெறும் செம்பு உப்புக் காற்றில் களிம்பேறும். களிம்பு வயரின் உறைக்குள் ஒரு முழம் வரைகூட ஊர்ந்து சென்றுவிடும். பியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். அது காப்பது பம்பை மட்டுமன்று, வயரையும்தான். பம்பின் அருகில் வைத்தால் இடையில் உள்ள வயருக்குக் காப்பு இல்லாமல் போகும். எத்தனை ஆம்பியர் பியூஸ் என்பது பம்பின் மேலேயே எழுதியிருக்கும். எரிந்த பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கம் வேண்டாம். கிளிப்பைப் பேட்டரியில் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும், கழற்றும் முன் அணைக்க வேண்டும்.

உறிஞ்சும் குழாய்க்குத் தோட்டத்துக் குழாயைப் பயன்படுத்தலாமா?

தண்ணீர் வெளியே வரும் பக்கத்துக்குப் பயன்படுத்தலாம். உறிஞ்சும் பக்கத்துக்கு முடியாது, ஏனெனில் உள்ளிழுக்கும்போது மெல்லிய குழாய் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும், குறிப்பாக மதிய வெயிலில் இளகியிருக்கும்போது. சுருள்கம்பியோ கெட்டிப் பிளாஸ்டிக் வளையமோ பதித்த குழாய், முக்கால் அங்குல உள்விட்டம், இயன்றவரை குறைந்த நீளம் ஆகியவையே உறிஞ்சும் பக்கத்துக்கு வேண்டியவை. இந்தப் பக்கத்தில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் தண்ணீர் கசியாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாமலே பம்பு திணறும்.

உறிஞ்சுமுனையில் ஒரு சல்லடையும், பம்பின் வாயில் கண்ணாடிபோல் தெரியும் கிண்ண வடிகட்டி ஒன்றும் இருப்பது நல்லது. கரையோரம், அலை உடையும் இடத்தில் முனையை இறக்கினால் மணல்தான் ஏறும். ஒரு மணல் துகள் வால்வின் அடியில் சிக்கினாலே பாதி அழுத்தம் போய்விடும். எங்கள் படகில் சல்லடைக்குக் கீழே ஓர் ஈயக்குண்டையும், அதற்கு ஒரு முழம் மேலே வலை மிதவை ஒன்றையும் கட்டியிருக்கிறோம். முனை மேலே மிதக்கும் நுரையையும் எண்ணெய்ப் படலத்தையும் தொடாமல், அடியில் உள்ள மணலையும் தொடாமல், இடையில் நிற்கிறது. சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) கூட்டமாக வரும் காலத்தில் சல்லடையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கழுவும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். விசிறியில் குழாய் சுற்றிக்கொண்டால் குழாய் மட்டும் போகாது, பெட்டியோடு பம்பும் போகும்.

பெட்டிக்குள் பம்பை எப்படிப் பொருத்துவது?

மீன் பெட்டியைப் போன்ற கனமான பிளாஸ்டிக் பெட்டியின் பக்கச்சுவரில், பம்பின் தலை கீழாகவும் மோட்டார் மேலாகவும் இருக்குமாறு நிற்கவைத்துப் பொருத்துங்கள். என்றாவது தலையில் கசிவு ஏற்பட்டால் தண்ணீர் கீழே சொட்டும், மோட்டாருக்குள் இறங்காது. பம்புடன் வரும் ரப்பர் கால்களை நசுங்கும்படி முறுக்க வேண்டாம். அதிர்வை வாங்கிக்கொள்ளவே அவை இருக்கின்றன. பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறத் துளை இடுங்கள், மேலே காற்றோட்டம் விடுங்கள். காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டி பாதுகாப்பானதுபோல் தோன்றும். ஈரத்தையும் உப்பையும் அதைப்போல் அடைத்து வைக்கும் பொருள் வேறில்லை. எனது முதல் பம்பு நான்கே மாதத்தில் போனது அப்படிப்பட்ட அழகான பெட்டியில்தான். பிளாஸ்டிக் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் முறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் விரிசல் விடும்.

பயன்படுத்திய பிறகு நாள்தோறும் என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படித்தால் போதும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வேலை முடிந்தபின் பம்புக்குள்ளும் குழாயின் மடிப்புகளிலும் 100 மில்லி தண்ணீர் தங்கினாலும், அது காயும்போது 3.5 கிராம் உப்பு, அதாவது முக்கால் தேக்கரண்டி அளவு, வால்வின் மேலும் சவ்வின் மேலும் படிகமாகப் பூத்துவிடும். மறுநாள் சுவிட்சைப் போட்டவுடன் அந்தப் படிகங்கள் ரப்பரின் ஓரத்தை அரமாக அராவுகின்றன. பம்பு கடல்நீரில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டதாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், ஓடும்போது உப்பு ஒரு தொந்தரவும் செய்வதில்லை. நின்று காயும்போதுதான் செய்கிறது.

குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் கரைகளில், பம்புக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. 15 லிட்டருக்குள் முடிக்கும் வழி இருக்கிறது. கரைக்கு வந்ததும் முதலில் குழாய்களைத் தூக்கி, உள்ளே உள்ள கடல்நீரைப் பம்பைச் சில வினாடி ஓட்டி வெளியே தள்ளிவிடுங்கள். பிறகு 5 லிட்டர் நல்ல தண்ணீரில் உறிஞ்சுமுனையை வைத்து, வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். அடுத்து 10 லிட்டர் வாளியில் உறிஞ்சுமுனையையும் நாசிலையும் ஒருசேரப் போட்டு, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருமாறு மூன்று நான்கு நிமிடம் ஓட்டுங்கள். இடையில் நாசிலை இரண்டு மூன்று முறை மூடித் திறந்தால் பிரஷர் சுவிட்சின் அடியில் உள்ள சிறு துவாரத்துக்கும் நல்ல தண்ணீர் போகும். கடைசியாக முனையை வெளியே எடுத்து, காற்றை இழுக்கவிட்டுத் தண்ணீர் முழுவதும் வெளியேறும் வரை ஓட்டி நிறுத்துங்கள். அந்த வாளித் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை; பெட்டியின் வெளிப்புறத்தையும் எஞ்சினின் மேல்மூடியையும் துடைக்கலாம்.

ஆழ்குழாய்த் தண்ணீர் சற்று உவர்ப்பாக இருந்தாலும் கடல்நீரைவிட எவ்வளவோ மேல். அது வெள்ளையாகச் சுண்ணாம்பு படியவைக்கும் என்பது உண்மை. அதற்கு மாதம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து உள்ளே ஏற்றி, அரை மணி ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலசினால் சரியாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூரையில் வழியும் மழைநீரை இரண்டு கேன் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

சோப்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைப் பம்பு வழியாகவே அனுப்பலாமா?

வேண்டாம். குளோரின் ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்கச் செய்யும், துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். அவற்றைத் தனி வாளியில் கரைத்து, தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்து, பிறகு பம்புத் தண்ணீரால் அலசுங்கள். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீரே சரி. வெந்நீர் பட்டால் இரத்தம் உறைந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். அணியத்திலிருந்து தொடங்கிப் பின்பக்கம் நோக்கிக் கழுவி வந்தால் கழிவு ஓரிடத்தில் சேரும். அதில் கிடக்கும் வலைத் துண்டு, பிளாஸ்டிக் நூல் ஆகியவற்றைப் பொறுக்கிக் கரைக்கு எடுத்து வாருங்கள்.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரையும் இதே பம்பால் இறைக்கலாமா?

இறைக்க முடியும், ஆனால் செய்யக் கூடாது. அந்தத் தண்ணீரில் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்திருக்கும். பல பம்புகளில் சவ்வும் வால்வும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. அது கடல்நீருக்கும் வெயிலுக்கும் அருமையாகத் தாங்கும், பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் ஊதிப்போய்க் கொழகொழப்பாகிவிடும். விட்டான் என்ற ரப்பரால் ஆன வால்வு எண்ணெய்க்கு நன்றாகவே தாங்கும். எனினும் எண்ணெய் ஏறிய குழாயால் மறுநாள் மீன் பெட்டியைக் கழுவினால் மீன் டீசல் வாடை அடிக்கும். அதற்கென ஒரு மலிவான நீர்மூழ்கிப் பம்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுத்த பிறகே இறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. என்ன காரணம்?

பத்துக்கு எட்டு முறை காற்றுதான். உறிஞ்சுமுனை தண்ணீருக்குள் இருக்கிறதா, கிண்ண வடிகட்டியின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா, கிளாம்பு தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். உறிஞ்சும் குழாயை அடியோடு கழற்றிவிட்டுப் பம்பின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். விரலைப் பிடித்து இழுத்தால் பம்பு நன்றாக இருக்கிறது, குற்றம் குழாயில். இழுக்கவில்லை என்றால் வால்வில் உப்போ மணலோ சிக்கியிருக்கிறது. தலையைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கும்போது கைபேசியில் படிப்படியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வின் ரப்பர் இதழ்களைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பம்பைத் திட்டியவர்கள் உண்டு.

தண்ணீர் வரும் பக்கம் நாசில் மூடியிருந்தால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழியின்றிப் பம்பு உறிஞ்சாமல் நிற்கும். முதலில் நாசிலைத் திறந்து வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுவதே சரியான முறை.

மற்ற கோளாறுகளை எப்படி அறிவது?

நாசிலை மூடியும் பம்பு நிற்காவிட்டால், வெளிப்பக்கக் குழாயில் எங்கோ கசிகிறது, அல்லது பேட்டரி இறங்கி, நிறுத்தும் அழுத்தத்தை எட்ட முடியாமல் பம்பு தவிக்கிறது. ஓடும்போது மீட்டரைப் பம்பின் முனைகளிலேயே வைத்து அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் பேட்டரியையும் வயரையும் கவனியுங்கள். நாசிலைப் பாதி திறந்து வைத்தால் பம்பு படபடவென்று நின்று நின்று ஓடும். இது பழுது அன்று. வெளியேறும் தண்ணீர் குறைவாக இருப்பதால் அழுத்தம் உடனுக்குடன் ஏறி இறங்குகிறது. எனினும் சுவிட்சின் ஆயுளைத் தின்னும் என்பதால் நாசிலை முழுவதும் திறந்தே பயன்படுத்துங்கள்.

சுவிட்ச் போட்டும் அசைவே இல்லை என்றால் பியூஸ், கிளிப், பிரஷர் சுவிட்ச் என்ற வரிசையில் தேடுங்கள். பிரஷர் சுவிட்சின் இரு வயர்களையும் ஒரு கணம் நேரடியாக இணைத்துப் பார்த்து, மோட்டார் ஓடினால் மாற்ற வேண்டியது சுவிட்ச் மட்டுமே. மோட்டாருக்கும் தலைக்கும் இடையே தண்ணீர் சொட்டினால் டயாப்ரம் கிழிந்துவிட்டது. அன்றே நிறுத்திவிடுங்கள், சில நூறு ரூபாய் ரப்பரோடு முடிய வேண்டிய செலவு, இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளும்.

பல வாரம் கடலுக்குப் போகாதபோது பம்பை எப்படி வைப்பது?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பைபர் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை தொடரும் வாரங்கள். இரண்டு பருவமும் பம்புக்கு ஆபத்தானவை. மேலே சொன்னபடி நல்ல தண்ணீரில் கழுவி, குழாய்களைக் கழற்றி, தலையைத் திறந்து ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். மின் முனைகளில் மெல்லிதாக வாசலின் தடவுங்கள். ரப்பரில் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம். பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து வீட்டுக்குள் வையுங்கள், மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் செய்யுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரில் பம்பை ஒரு நிமிடம் ஓட்டினால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிரை) இந்தப் பம்பால் அகற்ற முடியுமா?

முடியாது. கொட்டலசைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கார் கழுவும் கடைகளில் உள்ள, 100 பாருக்கு (ஏறத்தாழ 1,450 பிஎஸ்ஐ) மேல் அடிக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவோர், நாசிலை இரண்டு சாண் தூரத்திலேனும் வைத்து, விரிந்த வீச்சில் அடிக்க வேண்டும். நெருக்கிப் பிடித்தால் பைபரின் மேல்பூச்சு பெயர்ந்து, அதன்வழி தண்ணீர் உள்ளிழைகளுக்குச் சென்றுவிடும். சுரண்டிய பெயிண்டுத் தூளை மணலில் விடாமல் கீழே தார்ப்பாய் விரித்து எடுத்துவிடுங்கள்.

பம்பு கடலில் விழுந்துவிட்டால் பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கும், காயவைக்காமல் இருந்தால். எடுத்தவுடன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டாம். படகில் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் மிஞ்சியதை ஒரு வாளியில் ஊற்றி, பம்பை அதிலேயே மூழ்கவைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் போதாவிட்டால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாவது கொண்டுவாருங்கள். ஏற்கெனவே நனைந்த மோட்டாருக்கு மேலும் சில மணி நேர நனைவால் கேடு குறைவு. வெயிலில் காய்ந்து உப்புப் பூத்தால்தான் பேரிங்கும் பிரஷும் இறுகிவிடும். கரைக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி அலசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பேரிங்கில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, அச்சைக் கையால் சுழற்றிப் பார்த்தபின் மின்சாரம் கொடுங்கள். மறுநாள் பெட்டியின் கைப்பிடியிலிருந்து படகின் குறுக்குக் கட்டைக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.